இரண்டு மணி நேரம் உள்ளே நிற்க வேண்டிய மருந்து

காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்குள் செக்கிங் ஏறிய நிமிடத்தில்தான் எனக்கு அது விளங்கியது. மடியில் கல்லூரி நூலகத்தில் எடுத்த ஜெராக்ஸ் தாள்கள். முன்வாசலில் ஒருவர், பின்வாசலில் ஒருவர் ஏறினார்கள். காக்கிச் சட்டைக்காரர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நல்லவனா திருடனா, மாணவியா மளிகைக்கடைக்காரரா, எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. கையை மட்டும் நீட்டினார். டிக்கெட் இருந்தால் தாண்டிப் போனார். இல்லாத ஒருவரைத் தோளில் கைவைத்து இறக்கினார்.

"இதுதானே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி பதறிப்போய், "என்ன அம்மணி, டிக்கெட்டத் தொலச்சுப்போட்டியா?" என்று தன் காலடியில் எனக்காகத் தேட ஆரம்பித்தார்.

நான் அப்போது கோவையில் விடுதியில் தங்கி நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் விளங்கியது இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன் வெளிச்சுவரில் ஓர் அடையாளத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கான சிறு மாதிரியும் அதில் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் சுற்றும் காவல் செல்களில் ஒரு வகை போலீஸ் மாதிரி. கையில் ஒரு புகைப்படம் இருக்கும். அந்த முகம் எந்த அடையாளத்தில் தெரிகிறதோ அந்தச் செல்லைப் பிடிக்கும். புற்றுநோய்ச் செல்களில் சில இதை ஏமாற்றக் கற்றுக்கொள்கின்றன. அடையாளத்தையே கழற்றி எறிந்துவிடுகின்றன. காட்டினால்தானே பிடிபட! போலீஸ் உரசிக்கொண்டே தாண்டிப் போய்விடும்.

ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. அதற்குப் புகைப்படம் வேண்டாம், முன்பழக்கம் வேண்டாம். அடையாளம் இருக்கிறதா, போ. இல்லையா, சுவரில் துளை போட்டு உள்ளே நஞ்சை இறக்கும். அந்தச் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். இயற்கைக் கொல்லி செல் என்று பெயர். முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் இதன் வேலையைப் பார்த்தவர்கள், சோதனையில்தான் ஏதோ பிழை என்று ஒதுக்கிவைத்தார்களாம். ஒளிந்துகொள்வதற்காகச் செய்த வேலையே புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கிறது! அந்த மகிழ்ச்சியில் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா நாச்சிமுத்து, பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறையில் மாஸ்டர். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அவினாசி பஸ்ல இத்தன பேரு டிக்கெட் எடுக்காம வாரானுங்களே, அத்தன பேரையும் கொன்னுபோடுமா அது?"

"உடம்புக்குள்ளங்கப்பா!"

"உடம்புக்குள்ளயும் பஸ் உட்டுட்டியா கண்ணு?" என்று சிரித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் குளிக்கப் போனார்.

அப்போது அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போக ஆரம்பித்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது.

அவர் மறைக்கவும் இல்லை. அதைத்தான் இன்னும் என்னால் மனத்திலிருந்து இறக்கிவைக்க முடியவில்லை. சாயப் பட்டறையில் சிவப்பு ஓடுகிற நாளில் எல்லோரும் சிவப்பாகத்தான் துப்புவார்கள், சிவப்பாகத்தான் மூக்குச் சிந்துவார்கள். குளித்தால் தண்ணீர் சிவந்து ஓடும். பொடியை வெறுங்கையால் அள்ளிக் கரைக்கிற இடம் அது. சிறுநீரும் சிவந்தால் அதை ஒரு செய்தியாக யார் நினைப்பார்கள்? வலியும் இல்லை. வலி இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்.

கண்டுபிடித்தது அம்மா. ஒரு நாள் காலையில் குளியலறைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, இந்த வாரம் பூரா நீலந்தானே ஓடுதுன்னீங்க?"

"ஆமா. ஏன்?"

"உங்க பனியனெல்லாம் நீலமாத்தான் இருக்குதுங்க. அப்பறம் இது என்னங்க, இப்படிச் செகப்பா?"

அப்பா குனிந்து தன் பனியனைப் பார்த்தார். எந்த வாரம் எந்த நிறம் ஓடியது என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

*

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. சிறுநீரகப் பிரிவின் காத்திருப்பு வரிசையில் எல்லார் கையிலும் ஒரே மாதிரி தண்ணீர் பாட்டில். ஸ்கேனுக்கு வயிறு முட்டக் குடிக்கச் சொல்வார்கள். குடித்துவிட்டு, நெளிந்துகொண்டு, பேச்சை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் மஞ்சள் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஸ்கேன் அறையில் அந்தப் பெண் டாக்டர் ஒரே இடத்தில் கருவியை வைத்துத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். வெளியே வந்து அதைச் சொல்லும்போது அப்பா சிரித்தார்: "அயர்ன் பண்ணுற மாதிரி தேய்ச்சுப்போட்டாங்க."

அடுத்து உள்ளே பார்க்கும் சோதனை. சிறுநீர் வரும் வழியிலேயே மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனி விளக்கில் சிறுநீர்ப்பையின் சுவரைப் பார்ப்பது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். பூக்கோசு மாதிரி ஒரு கட்டி இருந்தது. அந்தக் குழாய் வழியாகவே அதைச் சுரண்டி எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

சிறுநீரகப் பிரிவின் டாக்டர் எங்களை அறைக்குக் கூப்பிட்டு எழுத ஆரம்பித்தார். வயது, பீடி சிகரெட் உண்டா. இல்லை. "என்ன வேலை?"

"சாயப் பட்டறைங்க. இருபது வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

பேனா நின்றது. டாக்டர் அப்பாவின் கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் நீலம் இருந்தது. பிறகுதான் மீதியை எழுதினார்.

என்னிடம் தனியாகச் சொன்னார். சில சாயங்களில் இருக்கிற பொருள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்பும். பை என்ன செய்யும்? அடுத்த முறை வெளியே போகும்வரை வைத்துக்கொண்டிருக்கும். வேலை நடுவில் அடக்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இன்னும் அதிக நேரம். அந்தச் சுவர் வருடக்கணக்கில் அதிலேயே ஊறும்.

கட்டி எடுத்த மறுநாள் பட்டறையிலிருந்து ரங்கன் பார்க்க வந்தார். அப்பாவிடம் வேலை பழகியவர், முப்பது வயது இருக்கும். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் குழாய் வழியாக இறங்கும் சிவப்பைப் பார்த்துவிட்டு அப்பாவைத் தேற்றினார்.

"இதுக்கு ஏனுங் மாஸ்டர் வெசனப்படுறீங்க? எனக்குங்கூட இப்படித்தான் போவுது."

அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். ரங்கன் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் கையைப் பிடித்து அப்படியே புறநோயாளிப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சீட்டு வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. மறு வாரமே மறுபடி பொடி கரைக்கப் போய்விட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான், அதிலும் வேகமாக வளரும் வகை. சுவரின் மேல் தோலைத் தாண்டிவிட்டது, ஆனால் அடியில் உள்ள சதையைத் தொடவில்லை. சதையைத் தொட்டுவிட்டால் கதை வேறு. வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. அம்மாவுக்கு அது "கட்டி". அப்பாவுக்கு "அந்தச் சங்கதி".

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பையையே எடுத்துவிடுவது. வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே ஒரு பையை ஒட்டி, ஆயுசுக்கும் அதில் சிறுநீர் சேரும். இன்னொன்று, பி.சி.ஜி.

"குழந்தைக்குக் கைல போடுற ஊசிங்களா?" என்று அம்மா கேட்டார்.

அதேதான். கைக்குழந்தைக்குக் காசநோய் வராமல் இருக்கப் போடுகிற, வலுவிழந்த காசநோய்க் கிருமி. குழந்தைக்குத் துளி. இங்கே அதைப் பல மடங்காகக் கரைத்துச் சிறுநீர்ப்பைக்குள் ஊற்றுவார்கள். கிருமி சுவரில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு பதறிப்போய்த் தன் ஆட்களை அங்கே அனுப்பும். வந்தவை கிருமியை மட்டுமல்ல, பக்கத்தில் பதுங்கியிருக்கிற புற்றுநோய்ச் செல்லையும் அடிக்கும். வாரம் ஒரு முறை, ஆறு வாரம்.

எனக்குப் பஸ் ஞாபகம் வந்துவிட்டது. "அப்படி வருகிறதில் கொல்லி செல்லும் உண்டுங்களா டாக்டர்? டிக்கெட்... அதாவது, அடையாளம் இல்லாத செல்லை..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எப்படி வேலை செய்யுதுன்னு முழுசா யாருக்கும் தெரியாதும்மா. பல வகைச் செல் வருது. நீ சொல்றதுக்குப் பெரிய பங்கு இருக்கும்னு சிலர் நினைக்கிறாங்க. நமக்கு வேண்டியது, அதுங்க வந்து சேரணும்."

நான் கிட்டத்தட்டத் துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். என் முகத்தில் இருந்ததை அவசரமாக மாற்றிக்கொண்டேன்.

*

மருந்து சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். வெளிச்சம் பட்டால் கிருமி செத்துவிடும் என்று கருப்புத் தாளில் சுற்றியிருப்பார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் மெல்லிய குழாய் விட்டு, இருக்கிற சிறுநீரை வடித்துவிட்டு, மருந்தை உள்ளே இறக்கி, குழாயை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் நோயாளியின் வேலை. இரண்டு மணி நேரம் அதை அடக்கி வைத்திருக்க வேண்டும். மல்லாக்க, வலப்பக்கம், குப்புற, இடப்பக்கம் என்று புரண்டு படுத்தால்தான் சுவர் முழுக்க மருந்து படும். காலையிலிருந்து தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. குடித்தால் புதுச் சிறுநீர் சேர்ந்து மருந்தும் நீர்த்துப்போகும், அடக்கவும் முடியாது. மருந்து சிறுநீரோடு வெளியே போனதும் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். உயிருள்ள கிருமி அல்லவா.

"பிளீச்சிங் பவுடரா? அதை எங்கிட்டயே சொல்றீங்களா?" என்று அப்பா சிஸ்டரிடம் சிரித்தார். அடுத்த முறை பட்டறையிலிருந்து ஒரு டப்பா வரவழைத்து அவர்களுக்கே கொடுத்தார்.

முதல் புதன்கிழமை நான் கூடப் போய் அறை வாசலில் நின்றேன். அப்பா இரண்டு மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. அன்று சாயங்காலமே எரிச்சலும் குளிரும் காய்ச்சலும் வந்தன. அம்மா ஈரத்துணியோடு ஓடினார். நான் அப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. செக்கிங் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

இரண்டாவது வாரத்திலிருந்து புதன்கிழமைகளில் எனக்குச் செய்முறை வகுப்பு. அப்பாவே போகச் சொன்னார். அம்மாவோடு மாமா வர ஆரம்பித்தார். சென்னியப்பன் மாமா, அம்மாவின் தம்பி, கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. அவர் வந்த பிறகுதான் அம்மா கொஞ்சம் உட்கார்ந்தார். பில் கவுண்டருக்கு அம்மா எழுந்திருப்பதற்குள் மாமா போய்விட்டு வந்திருப்பார். கேண்டீன் இட்லி ஆறிவிட்டது என்று சண்டை போட்டுச் சூடாக வாங்கி வருவார். பெண்கள் உள்ளே உட்காரக் கூடாத அறை அது. அதனால் அப்பாவோடு உள்ளே இருந்தது மாமாதான்.

அந்த நாட்களில் ஒரு காரியம் செய்தேன். அப்பாவின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் தேடினேன். ரத்தச் செல்களுக்கு நிறம் ஏற்றினால்தான் வெள்ளைச் செல்களைப் பிரித்துப் பார்க்க முடியும். வெகு நேரம் தேடிய பிறகு ஒன்று கிடைத்தது. மற்றதைவிடப் பெரியது, உள்ளே செந்நிறத் துகள்கள். அந்தத் துகள்கள்தான் நஞ்சு மூட்டைகள். இப்படிப்பட்டதில் பெரும்பாலானவை கொல்லி செல்கள். அப்பாவின் கொல்லி செல்! வீட்டுக்குப் போய்க் காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

"இதுக்கும் சாயம் போட்டாத்தான் தெரியுமா?"

"ஆமாங்கப்பா."

"பாத்தியா? சாயம் இல்லாம உங்களுக்கும் பொழப்பு ஓடாது" என்றார். பிறகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா இது எங்க போயிருந்துச்சு கண்ணு?"

அது வருடக்கணக்காக வேலை செய்திருக்கலாம். எத்தனையோ கெட்ட செல்களைக் கொன்றிருக்கலாம். கடைசியில் கூட்டம் தாங்காமல் தோற்றிருக்கலாம்.

இரண்டாவது வாரம் காய்ச்சல் வரவில்லை. மூன்றாவது வாரமும் வரவில்லை. அம்மாவுக்கு நிம்மதி. "மருந்து ஒத்துக்கிச்சு அம்மணி" என்றார். மாமா பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. படித்த வரையில், தடவை ஏற ஏற எரிச்சலும் காய்ச்சலும் கூடத்தான் செய்ய வேண்டும். அப்பாவோ இட்லியைச் சட்னியில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதும்மா. மருந்து முழு நேரமும் உள்ள நிக்குதுல்ல?" என்று சிஸ்டரைப் பார்த்தார். "நிக்குது சார், கேட்டேன்" என்றார் சிஸ்டர்.

ஆறு வாரமும் முடிந்தன.

*

மறுபடி உள்ளே பார்க்கும் சோதனை. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். சுவரில் அங்கங்கே சிவந்த திட்டுகள் இருப்பதாகச் சொன்னார். மருந்தினால் வந்த புண்ணாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். கிள்ளி எடுத்து அனுப்பியாயிற்று. மறுபடியும் சிவப்பு. மறுபடியும் அது என்ன சிவப்பு என்று தெரியாமல் காத்திருந்தோம்.

முடிவு வந்தது. மற்றதுதான். இன்னும் சதையைத் தொடவில்லை, ஆனால் இருக்கிறது.

"மருந்துக்குக் கட்டுப்படலைன்னுதான் எடுத்துக்கணும்" என்றார் டாக்டர். "பையை எடுக்கிறதைப் பத்தி வீட்டில் பேசுங்க. ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க."

அப்பா தலையை ஆட்டினார். எழுந்திருக்கும்போது, வழக்கம்போல, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

வராந்தாவில் மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதார். அவ்வளவு பெரிய உருவம் அப்படிக் குலுங்கி நான் பார்த்ததில்லை.

"நானும் எம்பட்டோ பாத்தேன் அம்மணி. வாரா வாரம் தோப்புல செவ்வெளநியாப் பாத்துப் பறிச்சு, முதல் பஸ்லயே கொண்டாந்து, ஒண்ணுக்கு ரெண்டா வெட்டிக் குடுத்தேன். அந்தச் சூடு தணியவே இல்லையே."

"எப்பங்க மாமா குடுத்தீங்க?"

"காத்தாலதான். மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி, ரூமுக்குள்ள வெச்சு. ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னா சூடுதானே அம்மணி? வெறும் வயித்துல எளநி குடிச்சா உள்ள குளுந்து போகுமேன்னு."

"மருந்து ஏத்துனதுக்கப்பறம்?"

"மச்சான் அடக்க முடியலீன்னாரு. பாவம், துடிச்சுப்போட்டாரு. கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன்."

"எவ்வளவு நேரத்துலங்க மாமா?"

"சித்த நேரந்தான். அரை மணி இருக்குமோ என்னமோ. நல்லதுதானே? கெட்ட தண்ணியெல்லாம் வெளிய போயிரட்டும்னு நெனச்சேன்." என் முகத்தைப் பார்த்தார். "ஏன் அம்மணி?"

மாமாவை அங்கேயே விட்டுவிட்டு, வார்டில் அப்பா போய்ப் படுத்திருந்த கட்டிலுக்குப் போனேன்.

"ஏனுங்கப்பா, காத்தால தண்ணி குடிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் கண்ணு."

"அப்பறம் ஏனுங்க எளநி குடிச்சீங்க?"

"மாப்ள கோபில இருந்து சொமந்துட்டு வாரான். கண்ணு முன்னாடி நின்னு வெட்டி நீட்டுறான். வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"சரி, சிஸ்டர்கிட்ட, மருந்து நிக்கலீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். "அந்தப் புள்ள அவ்வளவு பதமாக் குழாய் உட்டு, மருந்து ஏத்திப்போட்டு, அப்பறம் வந்து 'நின்னுச்சாங்க ஐயா'ன்னு கேக்குது. இல்லீன்னா அதுக்குத்தான் பேச்சு உழுகும். ஆச்சுங்கன்னேன். என்ன குறைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர். பொழுது விடியுமுன் தோப்பில் நின்று எது செவ்விளநீர் என்று டார்ச் அடித்துப் பார்த்த இன்னொரு மனிதர். ஒரு சிஸ்டர், மரியாதையாகக் கேட்டதற்கு மரியாதையான பதில் கிடைத்து, எழுதிவிட்டுப் போனவர். இத்தனை அன்புக்கு நடுவில் அந்தக் கிருமிகள் சுவரில் ஒட்டுவதற்கு முன்பே கழுவிக்கொண்டு போயிருக்கின்றன. கொல்லி செல்லை யாரும் கூப்பிடவே இல்லை.

டாக்டரிடம் நான்தான் சொன்னேன். அப்பாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அறிக்கையைப் புரட்டினார்.

"இதனாலதான்னு சொல்ல முடியாது. முழுசா நின்னிருந்தாலும் சிலருக்கு இது கேக்கிறதில்லை. ஆனா மருந்து தோத்துப்போச்சுன்னும் இப்ப சொல்ல முடியாது. ஒரு வாரம்தான் ஒழுங்கா நடந்திருக்கு." அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு கோர்ஸ் கொடுக்கலாம். ஒண்ணே ஒண்ணு. அதுக்குள்ள அது சதைக்குள்ள இறங்கிடுச்சுன்னா, பையை எடுத்தும் பிரயோஜனம் இல்லாமப் போகலாம். அந்த ஆபத்து இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

அம்மா எடுத்துவிடலாம் என்றார். "பை போனாப் போகுதுங்க, நீங்க இருந்தாப் போதும்." அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் பட்டறைப் பக்கம் போகாததால் நகக்கண்கள் வெளுத்துப்போயிருந்தன.

"எத்தன பசங்களத் திட்டியிருப்பேன்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "அவசரப்பட்டு எடுக்காதடா, முழு நேரம் ஊறட்டும், திருப்பித் திருப்பிப் போடுன்னு. பாதில எடுத்த துணி திட்டுத்திட்டா இல்லாம வேற எப்படி இருக்கும்?" பிறகு என்னைப் பார்த்தார். "இருபது வருசம் அந்த வெசத்த உள்ள வெச்சிருந்தேன். இதுக்கு ரெண்டு மணி நேரம் குடுக்கல. இன்னொருக்கா பாத்துப்போடலாம் கண்ணு."

அன்றிலிருந்து அப்பா குளியலறைக்குப் போய் வந்ததும், ஒவ்வொரு முறையும், அம்மா உள்ளே போய்த் தரையைப் பார்த்துவிட்டு வருகிறார்.

*

இதை எழுதுவது இந்த இடைவெளியில்தான். கிள்ளி எடுத்த புண் ஆற வேண்டும். அதன் பிறகுதான் கிருமியை ஊற்ற முடியும். ஆறாத புண்ணில் ஊற்றினால் அது ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவிவிடும். ஆகவே காத்திருக்கிறோம். புண் ஆறுகிற அதே நாட்களில் மற்றது என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அடையாளத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு எந்த இருக்கைக்கு அடியில் பதுங்கியிருக்கிறதோ.

மாமாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பாவே சொன்னார், தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு. "நாந்தான் மாப்ள, அடக்கத் தெரியாம உட்டுப்போட்டேன்." மாமா என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் கையில் புதிதாக ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். காலையிலிருந்து அப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் இல்லை. கட்டிலில் படுக்கவைத்து மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நேரம் ஆக ஆகக் கையைத் தட்டினார்.

"மச்சாங்க, குப்புறப் படுங்க."

"இப்பத்தானே மாப்ள திரும்புனேன்?"

"கடியாரம் பொய் சொல்லாதுங்க. திரும்புங்க."

"ஒறம்பரைன்னு வந்துட்டு இந்த மெரட்டு மெரட்டுறான் பாரு," என்றார் அப்பா, தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே.

பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துவதும் மாமாவின் பொறுப்பு. காபி, ஹார்லிக்ஸ், எது வந்தாலும் அவர் கையைத் தாண்டக் கூடாது. சிஸ்டரிடமும் பேசிவிட்டேன். இனி "நின்னுச்சாங்க ஐயா" என்று அப்பாவிடம் கேட்க வேண்டாம், மாமாவிடம் கேளுங்கள் என்று. அவர் சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினார்.

இளநீர் வரும். அதை மாமாவிடமிருந்து பறிக்க எனக்கு மனம் இல்லை. இரண்டு மணி நேரம் முடிந்த பிறகு நிறையக் குடித்து உள்ளே மிச்சமிருப்பதைக் கழுவ வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதுவரை குலை கட்டிலுக்கு அடியில் இருக்கும், அரிவாள் என் பையில் இருக்கும்.

வரும் புதன்கிழமை செய்முறை வகுப்புக்குப் போவதில்லை. சிஸ்டர் கருப்புத் தாளைப் பிரிக்கும்போது அறை வாசலில் நிற்பேன். காய்ச்சல் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை, வராவிட்டால் தோல்வி என்றும் இல்லை என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் அம்மா பிள்ளையார் கோவிலில் அப்பாவுக்கு ஒன்றும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நிற்கும்போது, பக்கத்தில் நின்று நான் வேறொன்று வேண்டிக்கொள்கிறேன். அன்று சாயங்காலம் அப்பாவின் நெற்றியில் கை வைப்பேன். சுட வேண்டும்.